அக்கா கழுத்தில் கிடந்த ரோமக் காசு

என் பிரியமான மரியக்கா,

உன் பேத்திக்குப் போன ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் முடிந்தது. ஆனால் அதற்கு முன்பு உன் மகள் அமலியை நான் அழ வைத்துவிட்டேன். அதை நானே உன்னிடம் சொல்ல வேண்டும்.

நீ கண்மூடும்வரை கழுத்தில் போட்டிருந்த வெள்ளிச் சுரூபத்தை, அந்த வட்டப் பதக்கத்தை, பிள்ளைக்குப் போட அமலி எடுத்து வந்தாள். "வளையம் ஆடுது மாமா, பத்தவச்சு வாங்கிக் குடுங்க" என்றாள். காமயகவுண்டன்பட்டித் தோட்டத்தில் திராட்சைப் பந்தலுக்குக் குழி தோண்டியபோது அப்பாவுக்குக் கிடைத்ததே, அதுதான். ஒரு பக்கம் முள்முடி சூடிய ஆண்டவர், மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் மாதா என்று எல்லோரும் நம்பினோம். "தாடி எங்கக்கா?" என்று சின்ன வயதில் கேட்டதற்கு, "பல்பொடி போட்டுத் தேச்சதுல போயிருச்சு, வாயை மூடுடா" என்றாயே!

லென்சு வைத்துப் பார்த்தேன். தலையில் இருந்தது முள் இல்லை, இலை. பின்கழுத்தில் நாடா முடிச்சு. சுற்றிலும் எழுத்துகள்; 'யு' வரவேண்டிய இடத்திலெல்லாம் 'வி', நம் கோயில் அடிக்கல்லில் லத்தீன் வெட்டியிருக்கிற மாதிரி. எழுத்துக் கூட்டிப் படித்து, புத்தகத்துப் படத்தோடு ஒப்பிட்டேன். திபேரியு சீசர். ஆண்டவரைச் சிலுவையில் அறைந்தபோது ரோமை ஆண்ட அதே ராசா, அக்கா. மறுபக்கம் இருப்பவள் கையில் கிளை பிடித்த ஒரு ரோமப் பெண். அந்தக் காலத்தில் ரோம வணிகர்கள் நம் பக்கம் மிளகு வாங்கக் கொண்டுவந்த காசாக இருக்கலாம்.

சொல்வதா, விடுவதா? ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் தப்பைத் திருத்தியே தலை நரைத்தவன். சொல்லிவிட்டேன்.

"அப்ப எங்கம்மா இத்தன வருசமா அந்தப் பாவியவா கும்பிட்டாக? நீங்க பாக்காமலே இருந்திருக்கலாம்ல மாமா!"

உன் வேண்டுதல் எல்லாமே வீணாகிவிட்டது போல அழுதாள். சுரூபத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். நீயாக இருந்தால் அவளுக்கு என்ன சொல்லியிருப்பாய்?

ஞாயிறன்று பிள்ளையின் கழுத்தில் கோயில் கடையில் வாங்கிய புதுச் சுரூபம். பந்தியில் சோறு போட வந்த அமலி, அந்தக் காசு தொங்கிய தன் சங்கிலியை வெளியே இழுத்துக் காட்டினாள்.

"இவன் எங்கிட்டயே கெடக்கட்டும். மூக்கப் பாருங்க மாமா, எங்கம்மா முத்தி முத்தித் தேஞ்சே போச்சு. இவன் பொண்டாட்டிகூட இத்தன முத்தம் குடுத்திருக்க மாட்டா!"

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அக்கா, இனி இது யாருடைய காசு என்று யார் கேட்டாலும் திபேரியுவின் பெயரைச் சொல்வேன். அத்தோடு நிறுத்தமாட்டேன். உன் பெயரையும் சொல்வேன்.

உன் கூடப்பிறந்தவன்,
தம்பி சூசை