பன்னிரண்டு முகப் பெட்டி

திருத்தங்கல்
ஆகஸ்ட் 21

மதிப்பிற்குரிய ஓவியாவுக்கு,

ரத்தினசாமி எழுதுகிறேன். கோயம்புத்தூரில் வேலையும் தங்குமிடமும் உங்களுக்கு ஒத்துப்போயிருக்கும் என்று நம்புகிறேன். செவ்வாய்க்கிழமை நான் அழைத்தபோது, எங்கள் அச்சகத்தை விட்டுப் போய் ஏழு மாதமான பிறகும் தொலைபேசியை எடுத்தீர்கள். எடுக்காமல் இருந்திருக்கலாம். அதற்கு முதல் நன்றி.

அன்று அவசரத்தில் எதையும் விளக்கவில்லை. பெங்களூரிலிருந்து இனிப்புக் கடைக்காரர்கள் தீபாவளிப் பெட்டி பார்க்க வந்திருந்தார்கள். ஒரே அட்டையில் வெட்டி, பசையில்லாமல் மடித்து நிறுத்தும் உங்கள் பன்னிரண்டு முகப் பெட்டியைத் தன் மகன் ஹரிஷ்குமார் வடிவமைத்ததாக என் அண்ணன் அழகுராஜா அவர்களிடம் சொல்லி வைத்திருந்தார். எனக்கு அது அவர்கள் முன்னால்தான் தெரிந்தது.

ஹரிஷ் லேசர் இயந்திரத்தை ஓட்டினான். தட்டைத் திறந்தால் பன்னிரண்டு ஐங்கோணங்களும் தனித்தனியாகக் கிடந்தன. வந்திருந்த அம்மையார் ஒரு துண்டை எடுத்து, இதை எப்படி மடிப்பது என்று கேட்டார். அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார். நான் வெளியே வந்து உங்களை அழைத்தேன்.

நீங்கள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மடிப்புக் கோட்டுல நான் விட்ட இடைவெளியை எல்லாம் யாரோ சேத்துப்புட்டாக சார். லேசருக்கு நம்ம டை மாதிரி அமுக்கத் தெரியாது, வெட்டத்தான் தெரியும். என் பழைய ஃபைல் உங்க மெயில்லயே கெடக்கு, அதைப் போடுங்க." பிறகு சிரித்தீர்கள். "பன்னெண்டும் உதிந்துருச்சா? உங்க அண்ணாச்சி மொகத்தைப் பாக்கக் குடுத்து வைக்கலையே!"

அச்சக வீட்டுப் பிள்ளை செய்யக்கூடிய பிழைதான். டை என்னும் வெட்டச்சின் வரைபடத்தில் மடிப்புக் கோடு முழுக் கோடாகவே இருக்கும்; மழுங்கிய தகடு அட்டையை அமுக்கும், அறுக்காது. அந்தப் பழக்கத்தில் ஹரிஷ், நீங்கள் விட்டுவிட்டு வரைந்த கோடுகளைக் கவனக்குறைவு என்று நினைத்துத் திருத்தியிருக்கிறான்.

பழைய ஃபைலைப் போட்டோம். அட்டை முழுதாக வந்தது. ஒவ்வொரு மடிப்பும் தானே வழி கண்டதுபோல் எழுந்து, கடைசி அட்டை நாக்கைச் செருகியதும் பெட்டி நின்றது. அம்மையார் கைதட்டினார். யார் செய்தது என்று மறுபடி கேட்டார். அண்ணன் வாய் திறக்குமுன் உங்கள் பெயரைச் சொன்னேன்.

அவர்கள் போன பிறகு அண்ணன், "ஏலே ரத்தினம், பட்டாசுக் கம்பெனிக்குப் போறவ மக பேரையாலே நம்ம பெட்டியில போடுவே?" என்றார். அவரிடம் குரலுயர்த்திப் பேசும் எண்ணம் எனக்கில்லை. வடிவமைத்தவர் யார் என்று கடைக்காரர்கள் கேட்டிருக்கும் உறுதிமொழிப் படிவம், அச்சகக் கூட்டாளிகளான நாங்கள் இருவரும் கையெழுத்திடாமல் செல்லாது. ஹரிஷின் பெயர் எழுதிய படிவத்தை அவர் மூன்று நாள்களாக என் மேசையில் வைக்கிறார். நான் மூன்று நாள்களாக அதன்மேல் காப்பித் தம்ளரை வைக்கிறேன்.

உங்கள் அம்மா மாடத்தியை என் மனைவி அருணாதேவி சென்ற வாரம் இருக்கன்குடி பேருந்தில் பார்த்தாளாம். "எம் மக இல்லாம அந்த மெசினு ஓடுதா தாயி?" என்று கேட்டாராம். சரியாக ஓடவில்லை என்று இவள் உண்மையைச் சொல்லியிருக்கிறாள்.

ஜனவரியில், "பட்டாசுத் திரி திரிச்ச கைக்கு லேசர் எதுக்கு?" என்று அண்ணன் உங்களிடம் கேட்டபோது நானும் அந்த அறையில் இருந்தேன். முதுகலை படித்தவன், அட்டை மாதிரிகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர்மேல் எனக்குள்ள கோபத்தைவிட அந்தப் புரட்டலின்மேல் உள்ளது பெரிது. அப்படியிருந்தும் செவ்வாயன்று நீங்கள் எனக்கு வழி சொன்னீர்கள். இந்த நன்றியை எந்த அளவில் வெட்டினாலும் என் கைக்குள் அடங்கவில்லை.

இத்துடன் வேறொரு படிவம் இருக்கிறது. உங்கள் பெயரை எழுதி, நான் கையெழுத்திட்டிருக்கிறேன். அண்ணன் கையெழுத்திடாவிட்டால் இந்த ஆர்டர் எங்களுக்கு இல்லை. அதை அவரிடம் சொல்லிவிட்டேன். சம்மதமானால் கையெழுத்திட்டு அனுப்புங்கள். மனமில்லையென்றால் கிழித்துப் போடுங்கள். அந்தப் பெட்டியை இங்கே வேறு யார் பெயரிலும் வெட்ட விடமாட்டேன். திரும்பி வரும்படி கேட்கும் தகுதி எனக்கில்லை. ஆகவே கேட்கவில்லை.

உங்கள் கைகளுக்கு ஒரு சிறு காயமும் நேராமல் அந்த இருக்கன்குடி மாரியம்மன் காக்கட்டும்.

என்றும் கடமைப்பட்டுள்ள,
ரத்தினசாமி