எச்சில் கை காயும்வரை

மதினி,

இன்று காலை சட்னிக்கு மிளகாய் வத்தலை எண்ணெய் விடாமல் வறுத்தேன். வீடே இருமியது. மெக்சிகோவில் உங்கள் அம்மாவும் இப்படித்தான் வறுப்பார் என்று நீங்கள் அடுப்பங்கரையில் நின்று சிரிப்பது போலவே இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன், வத்தல் நெடிதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அண்ணன் உங்களைக் கட்டிக்கொண்டு தென்காசிக்கு வந்த புதிதில் ஒரு கல்யாண வீடு. சாப்பிட்டு முடித்தும் நீங்கள் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்து இலைக்காரியிடம் அரைகுறைத் தமிழில் ஊர்க்கதை பேசுகிறீர்கள். முதுகுக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர்கள் உங்கள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். “எம்மா, எந்திரிம்மா, எச்சிக்கை காயுதுல்லா!” என்றார் பெரியப்பா. எனக்கு மானமே போயிற்று.

வீட்டுக்கு வந்து, அண்ணன் வார்த்தை எடுத்துக்கொடுக்கச் சொன்னீர்கள்: “எங்க ஊர்ல சாப்பிட்ட ஒடனே எந்திக்க மாட்டோம். வயிறு நெறஞ்ச பொறவுதான் மனுஷன் மனசு விட்டுப் பேசுவான்.” உங்கள் அம்மா வயல்வேலைக்கு வந்தவர்களைக்கூட அப்படி உட்காரவைத்துப் பேசுவாராம்.

அந்தப் பழக்கத்தைத்தானே ஆஸ்பத்திரிக்கு எதிரே கொட்டகை போட்டுக் கொண்டுவந்தீர்கள்! வாரமெல்லாம் அங்கே உங்களுக்கு நர்ஸ் வேலை. ஞாயிறு மதியம், நோயாளிகளுக்குத் துணையிருப்பவர்களுக்குச் சோறு. சாம்பார் நான், ரசம் நீங்கள், அதிலும் எலுமிச்சையைப் பிழிந்து கெடுப்பீர்கள். கொட்டகைக்குள் சாரல் அடித்தாலும் ஒருத்தரையும் எழவிடமாட்டீர்கள். “இருங்க, என்ன அவசரம்?”

அப்படி ஒருநாள், புருஷனுக்குத் துணையாக வந்திருந்த அச்சன்புதூர் செல்லம்மா, வெறும் இலையைப் பார்த்துக்கொண்டே தன் மாரில் கட்டி இருப்பதைச் சொன்னாள். பெற்ற மகளிடம்கூட அவள் சொல்லியிருக்கவில்லை. கைகழுவக்கூட விடாமல் அவளை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு ஓடினீர்கள்.

நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் மகன், “அத்தை, சோத்தப் பொட்டலமா குடுத்துருவோம், சுருக்கா முடியும்” என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் இடுப்பு வலி, தலையாட்டத்தான் போனேன். இப்போது நம்மோடு பரிமாறுகிற செல்லம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஏலே, அன்னைக்கு ஒங்கம்மா பொட்டலம் குடுத்திருந்தா, வாங்கிட்டுப் பேசாம வார்டுக்குப் போயிருப்பேன். இன்னைக்கு நான் இருக்க மாட்டேம்லே.”

அவன் இலைகளைப் போட ஆரம்பித்தான்.

சாப்பிட்டதும் முதலில் எழுகிறவள் நான்தான் என்று கேலி செய்வீர்களே மதினி, நேற்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். செங்கோட்டையிலிருந்து வந்த ஒரு பெண், என் பக்கத்து இலையில் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டு முடித்து எழப்போனாள். “இரும்மா, என்ன அவசரம்?” என்றேன். இரண்டு பேர் கையும் காய்ந்து போயிற்று.

அப்புறம்தான் அவள் பேச ஆரம்பித்தாள்.