ஆறாவது பாட்டை வெட்ட வேண்டாம்

கிள்ளான்,
14 செப்டம்பர் 2025

அன்பு மகள் உஷாராணிக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். மெல்பர்னில் குளிர் இன்னும் விடவில்லை என்றாயே, நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் விளக்கேற்றும்போது சொல்லிக்கொள்கிறாள். என் நெஞ்சில் வைத்த பேட்டரி ஒழுங்காக வேலை செய்கிறது என்று போன வாரம் டாக்டர் சொன்னார். காலையில் பாசார் வரை நடந்து போய் மீன் வாங்கி வருகிறேன். பலமாக இருமினால்தான் விலாவில் கொஞ்சம் வலி, அதுவும் குறைந்துகொண்டு வருகிறது, கவலைப்படாதே.

நீ அனுப்பிய பதிவு வந்து சேர்ந்தது. ஏப்ரலில் ஷா ஆலம் மண்டபத்தில் உங்கள் குழு வாசித்ததை ஆல்பமாகப் போடப் போகிறீர்கள், நான் நெஞ்சடைத்து விழுந்த அந்த ஆறாவது பாட்டை மட்டும் வெட்டிவிடலாமா என்று கேட்டிருந்தாய். போனில் என்றால் பாதியிலேயே உன் அம்மாவிடம் கொடுத்துவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். ஞாயிறு காலை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டேன். உன் அம்மா, நான் கண்ணால பார்த்ததே போதும் என்று சமையலறைக்குப் போய்விட்டாள். முப்பத்தோரு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவனுக்கு இசை பற்றி என்ன தெரியும், ஆனாலும் ஒரு பாட்டில் பியானோவை மேளம் மாதிரி அடிக்கிறாய், அடுத்ததில் சர்ச்சில் வாசிப்பதுபோல் அடங்கிப் போகிறாய், அதற்கடுத்து கித்தாரோடு மல்லுக்கு நிற்கிறாய், எல்லாம் ஒரே ஆளா என்று ஆச்சரியமாக இருந்தது. ஆறாவது பாட்டில் பாதியில் டிரம்ஸ் நிற்கிறது. டிரம்ஸ் வாசித்த கிஷன் என்னிடம் ஓடிவர மேடையிலிருந்து குதித்தது அப்போதுதான். பிறகு கித்தாரும் நின்றுவிட, ஏழு நிமிடம் உன் பியானோ மட்டும். அந்த ஏழு நிமிடமும் எனக்கு நாடி இல்லை.

நடுவில் உன் அம்மாவின் குரல் வருகிறது. "உஷா அப்பா, கண்ணத் தொறங்க, உஷா அப்பா" என்று கதறுகிறாள். அந்த இடத்தில் உன் வலது கை நின்றுவிட்டது. இடது கை நிற்கவில்லை. மூன்று முறை திருப்பிப் போட்டுக் கேட்டேன், ஒரு மூச்சு இழுக்கும் நேரம் வலது கை இல்லை, பிறகு அதுவும் வந்து சேர்ந்துகொள்கிறது. விளக்கில் கண் கூசியது, விழுந்தது யார் என்று கடைசி வரை தெரியவில்லை என்று எங்களிடம் சொன்னாயே, உனக்குத் தெரிந்திருக்கிறது. அப்பா கீழே கிடக்க நான் வாசித்துக்கொண்டிருந்தேனே என்று ஐந்து மாதமாக உள்ளுக்குள் புழுங்கியிருக்கிறாய்.

போன மாதம் கிஷன் லீவில் வந்தபோது ஸ்ரீ கெம்பாங்கானில் அவன் அம்மா இராஜம்மா வீட்டுக்குப் போனோம். என் விலா எலும்பு இரண்டை உடைத்த பையனுக்கு உன் அம்மா ஒரு டப்பா ரவா லாடு கொடுத்தாள். ஏப்ரலுக்குப் பிறகு நீ ஒரு மேடையிலும் ஏறவில்லை, ஏனென்று சொல்ல மாட்டேன் என்கிறாய் என்று வருத்தப்பட்டான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அங்கிள், டெம்போவ விட்டுடாதேன்னு கீழ இருந்து நான்தான் கத்தினேன். அவ இடது கை தாளத்தக் கேட்டு, அந்தக் கணக்குலதான் உங்க நெஞ்ச அழுத்தினேன். பியானோ நின்னிருந்தா கூட்டம் மொத்தமும் எழுந்து வந்திருக்கும். அந்த அக்கா நெஞ்சுக்கு ஷாக் குடுக்கிற மெஷினத் தூக்கிட்டு ஓடிவர வழியே இருந்திருக்காது." நீ வாசிப்பை விட்டுவிட்டு ஓடி வந்திருந்தால், மகள் பதறி ஓடி வந்தாள் என்று நாலு பேர் சொல்லியிருப்பார்கள். அதைக் கேட்க நான் இருந்திருக்க மாட்டேன்.

மூன்றாவது முறை போட்டபோது அம்மா கையில் கரண்டியோடு வந்து நின்றாள். தன் குரல் வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். என் கத்தலெல்லாம் இதுல இருக்கே என்றாள். பாட்டு முடிந்ததும், "இருக்கட்டும்லா, புள்ள நிறுத்தல பாருங்க" என்றாள். ஆகவே அந்தப் பாட்டை வெட்ட வேண்டாம், அம்மா குரலையும் எடுக்க வேண்டாம். மெஷினைத் தூக்கி வந்த அமுதவள்ளி, அந்த மண்டபத்தைப் பெருக்குகிறவர், நன்றி சொல்லப் போனபோது நான் என்னத்த செஞ்சேன் அண்ணே என்று கூச்சப்பட்டார். ஆல்பத்தின் அட்டையில் அவர் பெயரையும் போடுங்கள்.

மாதக் கடைசியில் அங்கே உங்கள் குழுவுக்கு நிகழ்ச்சி இருக்கிறதாம், உனக்குப் பதில் வேறு ஆளைத் தேடுகிறாயாம். வேண்டாம் மகளே, நீயே போய் உட்கார். தீபாவளிக்கு டிக்கெட் போட மறந்துவிடாதே. கடவுள் உனக்கு நல்ல சுகத்தையும் மனத் தைரியத்தையும் தரட்டும். அன்று கீழே கிடந்தவனே சொல்கிறேன், நீ செய்தது சரி.

என்றும் உன் நலம் நாடும் அப்பா,
கன்னையா