சாயாத பக்கெட்

அன்புள்ள ஓடிலியா,

நீயும் பிள்ளைகளும் சுகமா? அம்மாவுக்கு முட்டுவலி குறைந்ததா? கன்னித்தாய் புண்ணியத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்த விஸ்கான்சின் பால் பண்ணையில் பனிதான் ஓயாமல் கொட்டுகிறது.

டிராக்டர் சீட்டிலிருந்து பார்த்தால், முன்னால் உள்ள, தீவனம் அள்ளும் இரும்புப் பக்கெட் சமமாக இருக்கிறதா என்று தெரியாது. அதனால் நானும் என்னோடு தங்கியிருக்கும் நம் ஊர் மக்லோவியோவும் ஒரு பழைய குழாயில் கம்பியைச் செருகிப் பக்கெட்டோடு மாட்டினோம். கம்பியில் நாங்கள் போட்ட சிவப்புக் கோடு குழாய் வாயில் நின்றால் பக்கெட் சமம். “இனிமே தீவனம் சிந்துனா பக்கெட் மேல பழி போட முடியாதுடா” என்று சிரித்தான்.

பதறாதே, செவ்வாய்க்கிழமை ஒரு விபத்து. தீவனம் சேமிக்கும் கோபுரத்து ஏணியிலிருந்து அவன் விழுந்துவிட்டான். பனியில் ஆம்புலன்ஸால் உள்ளே வர முடியவில்லை. பக்கெட்டில் வைக்கோல் பரப்பி அவனைக் கிடத்தி, ரோடு வரை ஓட்டினேன். சீட்டிலிருந்து அவன் முகம் தெரியவில்லை. கம்பியின் சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு போனேன். எஞ்சின் சத்தத்தையும் மீறி “அம்மா, அம்மா” என்று கத்தினான். பாதி வழியில் அதுவும் நின்றுவிட்டது.

எனக்கு ஒன்றுமில்லை. காய்ந்த மிளகாய் கொஞ்சம் அனுப்பு. இனி ஒருத்தனுக்கு ஆகிற அளவு போதும்.

பால் கறக்கக் கூப்பிடுகிறார்கள். நீ அவன் அம்மாவைப் போய்ப் பார். வலியில்லாமல் போய்ச் சேர்ந்தான் என்று சொல். பக்கெட் கடைசி வரை சாயவே இல்லை என்றும் சொல். அது ஒன்றாவது பொய்யில்லை.

உன் ஹசிந்தோ