கண்ணாடி மாடத்தின் குளிர்

மழை தவறாதிருக்க; மண்ணும் மன்னுயிரும் வாழ்க. வெண்கோட்டு நாடு காக்கும் நீலவேணிப் பெருந்தேவியாகிய யாம், நகரின் மேற்கே கண்ணாடி மாடத்தில் அமர்ந்து நாட்டின் வழக்குகளை நடத்தும் அதிகாரி காரிமாறன் விழுப்பரையர்க்கு விடுக்கும் திருமுகம். உம் மாடத்து எழுத்தர் அனைவரும் நலமுற்றிருக்க.

சுனைநீரை உச்சிக்கு ஏற்றிக் கண்ணாடிச் சுவர்மேல் வழியவிடும் சக்கரத்தை மிதிப்போர், இனி மிதியோம் என்று சுனைத்துறையில் அமர்ந்துவிட்டனர் என்றும், மாடம் உலைபோல் காய்கிறது என்றும், அவர்களை அடித்து எழுப்ப வீரர் வேண்டும் என்றும் காலையில் எழுதியிருந்தீர். மிதித்தபடியே ஒருவன் விழுந்து இறந்ததை ஓலையின் கடைசியில், போகிற போக்கில் சொல்லியிருந்தீர். அவன் பெயரைக்கூட எழுதவில்லை. ஆகவே வீரரை நிறுத்திவைத்து, நம் தூதர் அழிசியாரை முதலில் அனுப்பினோம்.

அவர் கண்டு வந்தது இது. மாடத்தின் கீழ்நிலையில், ஒவ்வொரு எழுத்தரின் பலகையடியிலும் ஒரு கணப்புச் சட்டி இருந்தது. கடும் வேனிலில் இது எதற்கு என்று அவர் வினவ, சக்கரம் ஓடும்போதெல்லாம் விரல் விறைத்து எழுத்தாணி நழுவுகிறது, அதனால் கரி மூட்டிக் குளிர்காய்கிறோம் என்றனராம். மேல்நிலையில் உமக்கோ வேர்த்துக் கொட்டியது. அரண்மனை அணிவித்த கம்பளிப் போர்வையைக் கழற்றுவது அரசுக்கு அவமதிப்பு என்று அவரிடம் கூறினீராம். பனிக்காலத்து விழாவில் யாம் போர்த்தியதை வேனிலிலும் சுமக்கும் பக்தியை இன்றுதான் கேள்விப்படுகிறோம்.

உமக்கு வேர்த்ததால் சக்கரம் விரைந்தது. அது விரைந்ததால் கீழே இருந்தோர் நடுங்கினர். அவர்கள் மூட்டிய அனலோ மேலேறி உம்மிடமே வந்தது. உடனே இன்னும் விரைவாக மிதிக்கச் சொன்னீர். இதற்கு நடுவில் ஒருவன் செத்தான்.

கொற்றன் என்பது அவன் பெயர். மூச்சு முட்டுகிறது, சற்று இறங்கிக்கொள்ளட்டும் என்று அவன் மனைவி பூதி உம் காவலரிடம் கெஞ்சினாளாம். மேலே இன்னும் வேர்க்கிறது என்றே மறுமொழி வந்ததாம். சக்கரம் இனி ஓடாது என்ற சொல் வரும்வரை உடலை எடுக்க விடமாட்டேன் என்று துறையிலேயே அமர்ந்திருக்கிறாள்.

எனவே ஆணையிடுகிறோம். சக்கரத்தை இன்றே கழற்றுக. மேற்குக் கண்ணாடிகளைப் பெயர்த்துச் சாளரம் வைக்க. மற்றவற்றின்மேல் மூங்கில் தட்டி கட்டுக. எழுத்தர் விடியலில் வந்து, வெயில் ஏறுமுன் வீடு திரும்புக. பிறகும் கொஞ்சம் வேர்க்கும். வேர்க்கட்டும்.

வீரர் கேட்டிருந்தீர்; இவ்வோலையோடு வருகின்றனர். வாள் எடுத்து வரவில்லை. கொற்றன் உடலுக்குத் தோள் கொடுப்பதே அவர்கள் பணி. உம் போர்வையை அவன்மேல் போர்த்திவிட்டு, உடலுக்கு முன்னே வெறுங்காலோடு நடந்து செல்க. பூதி சம்மதித்த பிறகே உடலை எடுக்க வேண்டும். அவள் சம்மதிக்கும்வரை துறையில் வெயிலில் நிற்க.

இது எம் சொல். யானைக்கோட்டு முத்திரை இட்டோம்.