செருப்போடு ஏற ஒரு கார்

என் அன்புக்கும், அதே அளவு எரிச்சலுக்கும் உரிய அக்காவுக்கு,

நாங்கள் கார் வாங்கிவிட்டோம். இதை உனக்கு நான்தான் முதலில் சொல்லவேண்டும் என்று நினைத்திருந்தேன். ஆனால் கார் வந்த அன்று அத்தான் உன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றதைக் கண்டேன். அவர் முந்திவிட்டாரோ? முந்தியிருந்தாலும் நீ இப்போதுதான் கேட்கிறவள் மாதிரிக் கேள்.

சாம்பல் நிறக் கார். கொழும்பில் எடுத்து, அத்தானே எங்கள் வேலணை வரை ஓட்டிக்கொண்டு வந்தார். பிள்ளையார் கோயிலடியில் தேங்காய் உடைத்து, நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, ஐயர் முன்கண்ணாடியில் சந்தனம் பூசி, எல்லாம் முறையாக நடந்தது. ஊர்ச் சனம் பார்க்க வந்தது. வந்தவர்கள் காருக்குள் தலையை நீட்டுவதற்கு முன்பே செருப்பைக் கழற்றினார்கள். கோயிலுக்குள் போகிறவர்கள்கூட அத்தனை கவனமாய்க் கழற்றமாட்டார்கள். பக்கத்து வளவு அன்னம்மா மாமி செருப்பே போடாதவள். அவள் காலைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு ஏறி இருந்து பார்த்தாள்.

எனக்கு இந்தக் காரில் ஏன் இவ்வளவு ஆசை என்று நீ கேட்பாய். வேறு யாருக்கும் நான் சொல்லவில்லை, உனக்குச் சொல்கிறேன். நீ தொடாத சாமான் என்று இந்த வீட்டில் ஒன்றாவது இருக்கிறதா? வீடே உனக்குத் தந்த சீதனம். அலுமாரி, கதிரைகள், குசினியில் அம்மி வரைக்கும் நீ வைத்த இடத்தில்தான் இருக்கின்றன. நீ போய் ஒரு வருசத்தில், பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு அந்த மனிசன் தனியே என்ன செய்யும் என்று சொல்லி என்னை அவருக்குக் கட்டிவைத்தார்கள். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்கமாட்டார்கள் என்பது வேறு கதை.

அவரை அன்றைக்கும் அத்தான் என்றுதான் கூப்பிட்டேன், இன்றைக்கும் அப்படித்தான். அந்தப் பெயர்கூட நீ தேடித் தந்தது. நான் குளிக்கவார்த்து, தலை வாரி இழுத்து, பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்த உன் மகள் வதனா என்னைச் சின்னம்மா என்கிறாள். பெரியவள் ஒருத்தி சுவரில் மாலையோடு இருப்பதால்தானே நான் சின்னவள்? செத்தவளோடு போட்டி போட்டு வென்றவள் யாராவது இருக்கிறாளா? உனக்கு வயசும் போவதில்லை, இடுப்பும் பருப்பதில்லை.

ஆனால் கார் அப்படி இல்லை. நீ அதன் நிறத்தைக்கூடக் கண்டதில்லை. இது ஒன்றிலாவது நான் முதல் ஆளாய் இருக்கவேண்டும் என்று எண்ணிக்கொண்டேன்.

காருக்குள் காலடிக்கு ஒன்றும் போட்டு வரவில்லை. அத்தான் தெற்கில் உள்ள தன் கடையிலிருந்து சீனிச் சாக்கு இரண்டைக் கொண்டுவந்து விரித்திருந்தார். பட்டுச் சேலைக்குள் சாக்குப் பாவாடை கட்டின மாதிரி இருந்தது. யாழ்ப்பாணத்தில் நல்ல கால்மிதி எடுக்கலாம், நீரும் வாரும் என்று அவர் சொன்னதும் எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. கூறைச் சேலை எடுக்கக்கூட என்னை யாரும் கூட்டிக்கொண்டு போகவில்லை, அது உனக்குத் தெரியாது. அவசரக் கலியாணம், யாரோ எடுத்து வந்ததைக் கட்டினேன். அதனால் அன்றைக்குக் கால்மிதிக்குத்தான் கூறை எடுக்கப் போகிறவள் போல் வெளிக்கிட்டேன்.

பெரியகடைப் பக்கம், மோட்டார்ச் சாமான் விற்கிற கடை. கடைக்காரர் ஒவ்வொன்றாய் எடுத்து மேசையில் போட்டார். செங்கல் நிறத்தில் ஒரு கம்பள விரிப்பு வந்தது. ஓரமெல்லாம் கறுப்புக் கரை, நடுவில் சின்னச் சின்னப் பூ. நான் கரையைத் தூக்கிப் பார்த்தேன், மறுபக்கம் திருப்பிப் பார்த்தேன், வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். இதுதான் என்று மனதுக்குள் முடிவாகிவிட்டது.

அத்தான் அதை வாங்கி நிலத்தில் போட்டு, தெருச் சேறு ஒட்டியிருந்த செருப்போடு அதன் மேல் ஏறி நின்றார். பூவெல்லாம் சேறு. கடைக்காரருக்கு முகம் கறுத்துப்போனது. மழைக்குச் செருப்போடு ஏறி இறங்கினால் இது தாங்குமோ, கழுவலாமோ என்று அத்தான் கேட்டார்.

“புதுக் காருக்குள்ளை ஆர் அண்ணை செருப்போடை ஏறுறது?” என்றார் கடைக்காரர். “கழட்டிப்போட்டுத்தானே எல்லாரும் ஏறுவினம்.”

அத்தான் விரிப்பை விட்டு இறங்கினார். மூலையில் சுருட்டி வைத்திருந்த ஒரு கறுப்பு றப்பர் கால்மிதியைக் கையால் காட்டினார். வரிவரியாய், தடிப்பாய், மாட்டுத் தொழுவத்துக்குப் போடுகிற மாதிரி ஒன்று. எனக்குச் செங்கல் நிறம் பிடித்திருக்கிறது என்று நான் சொன்னேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன், மெல்லவும் சொல்லவில்லை. கறுப்புத்தான் நல்லது என்று சொல்லிக் காசைக் கொடுத்துவிட்டார்.

திரும்பிப் பண்ணைத் தாம்போதியால் வந்தோம். இரண்டு பக்கமும் கடல், நடுவில் நானும் அவரும் அந்தக் கறுப்புச் சுருளும். எனக்கு உன் செருப்புகள் ஞாபகம் வந்தன. ஊரில் பொம்பிளைகள் வெறுங்காலோடு திரிந்த நாளில், தெற்கிலிருந்து வருகிற ஒவ்வொரு முறையும் உனக்கு ஒரு சோடி கொண்டுவருவார். சிவப்பு வார் வைத்தது, பின்னல் வார் வைத்தது. உன் கால் அளவைக் கடதாசியில் கீறிப் பொக்கற்றில் வைத்துக்கொண்டு கடை கடையாய் ஏறினவராம். நீயே அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறாய். நான் அப்போது பாவாடை சட்டைக்காரி. உன் பழைய செருப்பை வளவுக்குள் போட்டு நடந்து பார்ப்பேன். எனக்கு அது பெரிது.

உன் காலுக்கு அப்படித் தேடினவருக்கு என் காலடிக்கு ஒரு பூ விரிப்பு வாங்க மனம் வரவில்லையே என்று நினைத்தேன். நினைக்க நினைக்க எரிந்தது. உன்னைத் திட்டினேன் அக்கா. இன்னொருத்தியிடம் அவர் மனதைத் தொலைத்திருந்தால் அவளைத் தேடிப்போய் மயிரைப் பிடித்திருப்பேன். உன்னை எங்கே வந்து பிடிப்பது?

அடுத்த கிழமை ஊர்காவற்றுறையில் ஒரு கலியாண வீடு. காரில் குடும்பமாய்ப் போகிற முதல் பயணம். முதல் நாள் கார்த்திகை மழை அடித்துப் பெய்து வாசல் படலையடி சேறாய்க் கிடந்தது. நான் பட்டுச் சேலை கட்டி, பழத் தட்டத்தைக் கையில் ஏந்திக்கொண்டு போனேன். வதனா ஏற்கெனவே பின்னால் ஏறி இருந்தாள். பிடிக்காத கால்மிதி என்றாலும் புதுசு புதுசுதானே. ஊர்ப் பழக்கம் காலை விட்டுப் போகுமா? செருப்பைக் கழற்றிப் படலை ஓரமாய்ச் சோடியாக வைத்தேன். ஏறி இருந்த பிறகு குனிந்து எடுக்கலாம் என்றுதான் நினைத்தேன். தட்டத்தை மடியில் வைத்து, சேலையை ஒதுக்கி, கதவைச் சாத்துகிற அவசரத்தில் அதை மறந்துபோனேன்.

கார் கொஞ்சத் தூரம் போயிருக்கும். அத்தான் பின்னால் பார்க்கிற கண்ணாடியைப் பார்த்தார். சடாரென்று நிறுத்தினார். பழம் ஒன்று உருண்டு கீழே விழுந்தது. என்ன, ஆடு ஏதும் குறுக்கே வந்ததோ என்று கேட்டேன். அவர் இறங்கிச் சேற்றுக்குள் நடந்தார். வேட்டிக் கரை நனைந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது இரண்டு கையிலும் என் செருப்பு.

அக்கா, உனக்கு விளங்கும். பெண்சாதியின் செருப்பை ஒரு ஆம்பிளை நடுத்தெருவில் கையில் தூக்கிக்கொண்டு வருகிறதென்றால் எங்கள் ஊரில் என்ன கதை கதைப்பார்கள்! அன்னம்மா மாமி வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது. அவர் என் பக்கத்துக் கதவைத் திறந்து, குனிந்து, சேறோடு அந்தச் சோடியைக் கறுப்பு றப்பரின் மேல் என் காலடியில் வைத்தார்.

“இதுக்குத்தான் கறுப்பை வாங்கினனான்,” என்றார். “எவ்வளவு சேறெண்டாலும் பரவாயில்லை, செருப்போடை ஏறும். உம்மடை செருப்பைப் படலையடியிலை பாக்க என்னாலை ஏலாது.”

பிறகு காரை எடுத்தார். ஊர்காவற்றுறை றோட்டில் போகும்போதுதான் சொன்னார், றோட்டைப் பார்த்தபடியே. அதே றோட்டால்தான் உன்னையும் வாடகைக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அன்றைக்கு நான் அம்மாவோடு உள்ளே வதனாவைத் தூக்கி வைத்திருந்தேன், படலையில் நடந்தது எனக்குத் தெரியாது. வயிற்றுக்குத்தில் நிமிர ஏலாமல் இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்களாம் உன்னை. காரடிக்கு வந்ததும் நீ நின்றாயாம். என்னவென்று அவர் பதற, நீ செருப்பைக் கழற்றினாயாம். கார்க்காரர் ஒன்றும் சொல்லவில்லை. நீயாகத்தான். செருப்பெல்லாம் ஊத்தை, ஆரோ ஒருத்தருடைய கார் என்றாயாம்.

“அதை எடுத்து உள்ளை வையுங்கோ, வெயிலுக்கு வார் வெடிச்சிடும்.” இதுதான் நீ கடைசியாய் அவருக்குச் சொன்னது.

அவர் எடுத்து வைக்கவில்லை. அந்த அவசரத்தில் யார் வைப்பார்கள்? ஆஸ்பத்திரி வாசல் வருவதற்கு முன் நீ போய்விட்டாய். உன்னோடு திரும்பி வந்தபோது செருப்பு வைத்த இடத்தில் வைத்தபடி இருந்ததாம், றோட்டைப் பார்த்தபடி, சோடியாய். என் செருப்பும் அன்றைக்கு அதே மாதிரித்தான் இருந்ததாம்.

பின் சீற்றில் வதனா அழுதாள். தன் தாயைப் பற்றி அவள் தகப்பன் வாயால் கேட்ட முதல் கதை அது. நான் அழவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? பொறாமைப்பட்டேன். அட, இந்தக் கறுப்பு றப்பரும் உனக்கா என்று நினைத்தேன். என் காருக்குள், என் காலுக்குக் கீழே, எனக்கு முந்தியே வந்து இருந்துவிட்டாயே! நீ கண்டிராத ஒன்று என்று நம்பியிருந்தேன். உன்னை நினைத்தல்லவா அதை வாங்கியிருக்கிறார்? சாகப்போகிற நேரத்திலும் மற்றவன் காருக்கு ஊத்தை படக்கூடாது என்று நினைத்த உன்னை என்னால் வெறுக்கவும் முடியவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். வெறுக்கிறதற்கு ஒரு குறையையாவது விட்டுவிட்டுப் போயிருக்கலாமே.

கலியாண வீட்டில் சாப்பிட்டு முடிந்தது. திரும்பும்போது நான் செருப்போடுதான் ஏறினேன். அவர் காரை எடுக்க முன் என் காலைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் திறப்பைத் திருப்பினார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் அப்படித்தான். கோயிலுக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் முதலில் என் கால், பிறகுதான் றோட்டு. உன் முகத்தைத்தான் அவர் பார்த்திருப்பார். என் முகத்தை அப்படிப் பார்த்ததாய் எனக்கு ஞாபகம் இல்லை. என் காலைப் பார்க்கிறார்.

அந்தப் பார்வை யாருக்கு? பல நாள் இதே யோசனையாய் இருந்தேன். உனக்குத்தான் என்று ஒரு மனம் சொன்னது. பிறகு அவர் சொன்னதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். உன் செருப்பை அவர் சொல்லவில்லை அக்கா. உம்மடை செருப்பு என்றார். என் செருப்பைப் படலையடியில் பார்க்க ஏலாது என்றார். உன்னை ஏற்றின அன்று அவருக்கு அப்படி ஒரு பயம் இருந்ததா? இருந்திருக்காது. ஊசி போட்டால் சுகமாகிவிடும் என்று நினைத்துத்தானே கூட்டிக்கொண்டு போனார். பயப்பட அவர் உன்னிடம்தான் கற்றுக்கொண்டார். பயப்படுவது எனக்காக.

செங்கல் நிற விரிப்பை எடுத்துத் தரட்டோ என்று போன மாதம் அவரே கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டை நீ வைத்திரு. அலுமாரியும் உன்னதுதான், அதில் நப்தலீன் வாசத்தோடு தொங்குகிற சேலைகளும் உன்னவை. வதனா உன்னைத்தான் அம்மா என்று சொல்லட்டும். அந்தக் கதையை இப்போது அவள் என்னிடம்தான் வந்து திருப்பித் திருப்பிக் கேட்கிறாள், நானும் சொல்கிறேன். அவருடைய ஆசையெல்லாம் உன் காலோடு போனதென்றால் போகட்டும். ஆனால் இந்தப் பயம் என்னுடையது. இதில் உனக்குப் பங்கு தரமாட்டேன், நீ கேட்டுக் கனவில் வந்தாலும் தரமாட்டேன்.

உன் திவசம் வருகிறது. உனக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பும் வாழைக்காயும் நானே சமைத்துப் படைப்பேன், ஒரு குறையும் வைக்கமாட்டேன். உனக்கு ஒரு சத்தியமும் பண்ணித் தருகிறேன்: எந்த அவசரத்திலும், எந்த நோவிலும், ஆருடைய காராய் இருந்தாலும், என் செருப்பை அந்த மனிசன் கண் காணப் படலையடியில் விட்டுவிட்டு ஏறமாட்டேன்.

முன் சீற்றில், சேற்றுச் செருப்போடு இருக்கும்
உன் தங்கச்சி.