நபோர் அனுப்பிய தந்திகள்

1923 டிசம்பர் 7

படையில் பாதி ஜனாதிபதிக்கு எதிராகத் திரும்பிவிட்டது. இன்று காலை கலகக்காரர்களின் கடிதம் எனக்கும் வந்தது. ஜெனரல் எவரிஸ்தோ லாந்தேரோஸாகிய நான் அவர்களோடு சேர்ந்தால் இந்த மாநிலமே எனக்காம்.

மனைவி ஒத்தீலியா படித்துவிட்டுச் சிரித்தாள். "எல்லாரும் அந்தப் பக்கம் போயாச்சு. நீங்க மட்டும் எதைக் கட்டிக்கிட்டு அழுறீங்க?"

கொடுத்த சொல்லைத்தான். பன்னிரண்டு வருஷமாகக் கூடச் சண்டை போட்டவர்கள் சட்டை மாற்றுவதுபோலக் கட்சி மாறினார்கள். நான் மாறவில்லை. கடிதத்தை அடுப்பில் போட்டேன்.

டிசம்பர் 9

கர்னல் நபோர் கிரோகா எனக்கு அடுத்த அதிகாரி. என் மகளுக்கு ஞானத்தகப்பன். தனியாக இருந்தால் "அண்ணே" என்பான். இன்று குதிரைக்குச் சேணம் பூட்டும்போது, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்: "கடுதாசி ஏதாவது வந்துச்சாண்ணே?"

"இல்லையே" என்றேன்.

ஏன் பொய் சொன்னேன்? அதைவிட — அவன் ஏன் கேட்டான்? கடிதம் வருமென்று அவனுக்கு எப்படித் தெரியும்?

டிசம்பர் 12

மாதா திருநாள். பூசைக்கு நபோர் வரவில்லை. பூசை முடிந்து வெளியே வந்தால், தந்தி ஆபீஸ் படியில் நிற்கிறான்; ஒரு காகிதத்தை மடித்துத் தொப்பிக்குள் வைக்கிறான். "மாமனாருக்கு உடம்பு சரியில்லண்ணே, விசாரிச்சேன்."

அவன் மனைவி எர்லிந்தாவிடம் அப்பா எப்படி இருக்கிறார் என்றேன். "அவருக்கென்ன, ரெண்டு ஆள் சாப்பாட்ட ஒத்தையா சாப்பிடுறாரு!"

டிசம்பர் 13

நேராகக் கேட்டுவிடலாமா? கேட்டு, ஆமாம் என்றால்? சுட உத்தரவு போட வேண்டியவன் நான்.

டிசம்பர் 17

கலகக்காரர்கள் ரயில் பாலத்தை நோக்கி வருகிறார்கள். நபோரை அனுப்பினேன். பாலத்துக்காகவா, தந்தி ஆபீஸிலிருந்து அவனை அகற்றவா? இரண்டுக்கும்தான்.

"அறுபது பேரு போதுமாண்ணே?"

"போதும்."

போதாது. எனக்குத் தெரியும். ஆனால் இருநூறு பேரைக் கொடுத்து, அத்தனை பேரோடும் அவன் அந்தப் பக்கம் போய்விட்டால்? அவன் சல்யூட் அடித்தான். தனியாகத்தான் இருந்தோம், தனியாக இருக்கும்போது அவன் சல்யூட் அடிப்பதில்லை.

டிசம்பர் 20

பாலம் நம் கையில். நபோர் உயிரோடு இல்லை.

டிசம்பர் 21

தந்தி ஆபீஸ் தொரீபியோ ஒரு கட்டோடு வந்தார். "கர்னல் போயிட்டாரு. இத இனிமே யாருகிட்ட குடுக்கறதுன்னு தெரியலைங்க."

எல்லாம் தலைநகரிலிருந்து. மேலிடம் நபோருக்கு அனுப்பிய தந்திகள், அவன் பதில்களின் நகல்கள். அந்தக் கடிதம் கலகக்காரர்கள் எழுதியதே இல்லை. என்னைச் சோதிக்க இவர்களே அனுப்பியது! ஜெனரல் அதை மறைத்தால் கைது செய், படையை நீ எடுத்துக்கொள் என்று உத்தரவு.

ஒன்பதாம் தேதி அவன் அனுப்பிய பதில்: "கடிதம் வந்த உடனே என்னிடம் காட்டினார். என் கண் முன்னால் எரித்தார். இவரைவிட விசுவாசமானவர் இல்லை."

ஒன்பதாம் தேதி. நான் அவன் முகத்துக்கு நேரே பொய் சொன்ன நாள். அடப்பாவி, எனக்காக நீயும் பொய் சொன்னாயாடா?

டிசம்பர் 23

அவனைச் சந்தேகப்பட்டுக் குறைந்த ஆட்களோடு அனுப்பியதுவரை எர்லிந்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை அவள்.

"அது அவருக்குத் தெரியும். அண்ணனுக்கு என்மேல சந்தேகம், அதான் அனுப்புறாருன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா."

"நானும் அதத்தான் கேட்டேன். மேலிடமே நம்பலன்னு தெரிஞ்சா அண்ணன் யாருக்காகச் சண்ட போடுவாருன்னாரு."

1924 மார்ச் 2

கலகம் அடங்கிவிட்டது. எனக்குப் பதவி உயர்வு. நபோர் இடத்துக்குத் தலைநகரிலிருந்து ஒரு கர்னல் வந்திருக்கிறார். நல்ல மனிதராகத்தான் தெரிகிறார். சாப்பிடும்போது என்னோடு கடிதத் தொடர்பில் யார் யார் என்று விசாரித்தார்.

மார்ச் 19

பதவி உயர்வு வேண்டாம், படையிலிருந்தே விடுவியுங்கள் என்று எழுதியிருந்தேன். காரணத்தைத் தெளிவாகத் தெரிவிக்கும்படி இன்று தந்தி. 'வயதாகிவிட்டது' என்று எழுதி, உறையை ஒட்டாமல் புதுக் கர்னலிடமே கொடுத்தனுப்பினேன்.

எனக்கு நாற்பத்து மூன்று.